மதியச் சலிப்பும் மூன்று இரவுத் திருப்பாடல்களும்: மடத்துச் செப ஒழுங்கில் வீட்டுக்கு எதை எடுத்துவரலாம்?

படிக்கல்:
எல்லோருக்கும் வணக்கம். படுத்த படுக்கையாய் இருப்பவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எங்கள் பங்கில் நான்கு பக்கக் கையேடு ஒன்று தயாராகிறது. "செபியுங்கள், கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று ஒரு வரி எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. இரவில் மூன்று தடவை எழுந்திருப்பவருக்கு அந்த வரியால் என்ன பயன்? துறவு மடங்களில் 1,500 ஆண்டுகளாக இதற்கென்று ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. எந்த நேரம், எந்தத் திருப்பாடல் (சங்கீதம்), எத்தனை நிமிடம், மனம் ஒட்டாதபோது என்ன செய்வது, இவற்றைத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் சொல்லுங்கள். மடத்தின் ஏழு வேளைச் செபத்தையும் அப்படியே வீட்டில் வைக்க முடியாது என்பது தெரிந்ததுதான்.

காவிரிக்கரை:
இயேசுவுக்கே புகழ். ஏழு வேளையை விடுங்கள், இரவுச் செபத்திலிருந்து தொடங்குங்கள். காரணம் சொல்கிறேன்.

நம் ஊரில் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கப்படும் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூலில் 73 அதிகாரங்கள். 8 முதல் 20 வரை செபத்தைப் பற்றியவை. வாரத்துக்கு 150 திருப்பாடல்களும் முடிய வேண்டும் என்று 18-ஆம் அதிகாரத்தில் கணக்குப் போட்டுப் பிரித்துத் தருகிறார். ஆனால் படுக்கப்போகும் முன் சொல்லும் செபத்துக்கு மட்டும் மாற்றமே இல்லை. தினமும் 4, 91, 134. அவ்வளவுதான். மாறாததால் இரண்டே மாதத்தில் மனப்பாடம் ஆகிவிடும். விளக்குப் போட வேண்டாம், புத்தகம் தேட வேண்டாம், தூங்குகிறவரை எழுப்பவும் வேண்டாம்.

நான்காம் பாடல் 8 வசனம், 91 பதினாறு, 134 மூன்றே வசனம். மொத்தம் 27. சரியான வேகத்தில் சொன்னால் ஆறேழு நிமிடம். இதில் எல்லோரும் தவறுவது வேகத்தில்தான். திருவிவிலியத்தில் ஒவ்வொரு வசனமும் பெரும்பாலும் இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதி முடிந்ததும் வாயை மூடி ஒரு மூச்சு முழுதாக உள்ளே வந்து வெளியே போகட்டும். பிறகு இரண்டாம் பாதி. வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவில் அந்த இடைவெளி வேண்டாம், உடனே அடுத்ததற்குப் போங்கள். மடத்துப் பாடகர் குழுவில் இதைத்தான் முதல் வாரமே பழக்குவார்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். நடுவில் ஓடிவிட்டு வசனத்தின் முடிவில் நிற்கிறார்கள். அப்போது ஒவ்வொரு வசனமும் தனித்தனி அறிவிப்பு மாதிரி ஆகிவிடும், பாடலின் ஓட்டம் அறுந்துபோகும். இரண்டாவது தவறு, கடைசிச் சொல்லை விழுங்குவது. களைத்த உடம்பு முதலில் விடுவது வாக்கியத்தின் வாலைத்தான். தமிழில் வினை கடைசியில் வருவதால், வால் போனால் பொருளே போய்விடும்.

134-ஐ ஏன் அங்கே வைத்தார் என்று பாருங்கள். இராக்காலங்களில் கோவிலில் நிற்கும் ஊழியரை நோக்கிப் பேசும் பாட்டு அது. இரவு முழுக்கக் கட்டிலருகே விழித்திருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மூன்று வசனம் திருப்பாடல் நூலில் இல்லை என்பது என் எண்ணம்.

கயிறுதிரி:
காவிரிக்கரை சொன்னதோடு ஒரு எச்சரிக்கையும் கையேட்டில் போடுங்கள். பழைய லத்தீன் வழியில் வந்த மடத்து நூல்களில் இதே பாடல்கள் 4, 90, 133 என்று இருக்கும். 10 முதல் 147 வரை பெரும்பாலும் ஒரு எண் குறைவு. அந்தப் பட்டியலை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் வாசகர் 90-ஐத் திறந்து "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம்" என்று படிக்க ஆரம்பிப்பார். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது அது வேறு விதமாகக் காதில் விழும்.

இப்போது பகல் நேரத்துக்கு வருகிறேன். உண்மையான சிக்கல் இரவில் இல்லை. காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை.

எவாகிரியுஸ் என்பவர் 345-இல் பிறந்து 399-இல் இறந்தவர். எகிப்தின் பாலைவனத்தில் செல்லியா என்ற துறவிக் குடியிருப்பில் வாழ்ந்தார். துறவியைத் தாக்கும் எட்டு எண்ணங்களை வரிசைப்படுத்தியவர். அதில் மிகக் கடினமானது என்று அவர் சொல்வதன் கிரேக்கப் பெயர் அகேதியா. தமிழில் சலிப்பு என்று வைத்துக்கொள்வோம். சோம்பல் என்று மொழிபெயர்த்தால் பாதிதான் பிடிபடும். அது நான்காம் மணிவேளைக்குத் தொடங்கி எட்டாம் மணிவேளை வரை இருக்கும் என்கிறார், நம் கணக்குக்கு மேலே சொன்ன பத்து முதல் இரண்டு. சூரியன் நகரவே இல்லை என்று தோன்றும், பகலுக்கு ஐம்பது மணி நேரம் போல இருக்கும். துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார். சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணிக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று வெளியே வந்து வெயிலை அளப்பார். பிறகு இந்த இடம் பிடிக்காது, செய்யும் கைவேலை பிடிக்காது, சகோதரர்களிடம் அன்பே இல்லாமல் போய்விட்டது என்று தோன்றும். 91-ஆம் சங்கீதத்தில் "மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்" என்று வருகிறதே, கிரேக்க மொழிபெயர்ப்பில் அது மத்தியானப் பிசாசு. அந்தப் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்.

நோயாளியைப் பார்ப்பவருக்கு இது எந்த உருவில் வரும் என்பதை, எகிப்துத் துறவிகளின் போதனைகளை லத்தீனில் எழுதிவைத்த யோவான் காசியன் இன்னும் நுட்பமாகச் சொல்கிறார். சலிப்பு எப்போதும் கெட்ட ஆசையாக வராது. நல்ல காரியமாக வரும். துணையில்லாத ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டுமே, தூரத்தில் இருக்கும் நோயாளியை விசாரிக்க வேண்டுமே, உறவுக்காரர்களைக் கவனிக்க வேண்டுமே என்று. இந்த அறையில் சும்மா உட்கார்ந்து என்ன பயன் என்று. ஆகவே "வேறு எங்காவது போனால் இதைவிட நன்றாக ஊழியம் செய்யலாம்" என்ற எண்ணம் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்தால், அன்று சாயங்காலம் வரை அதன்பேரில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். மாலையிலும் அதே தெளிவோடு இருந்தால் அப்போது யோசிக்கலாம். பெரும்பாலும் இருக்காது.

மருந்து என்று அவர்கள் சொன்னது, முடிவு தெரிகிற சிறு கைவேலையையும் குறுஞ்ஜெபத்தையும் மாற்றி மாற்றிச் செய்வது. எகிப்தின் வனத்து அந்தோனியார் (பதுவை அந்தோனியார் அல்ல) இந்தச் சலிப்பில் தவித்தபோது தன்னைப் போலவே ஒருவர் உட்கார்ந்து கயிறு பின்னுவதையும், எழுந்து நின்று ஜெபிப்பதையும், மறுபடி உட்கார்ந்து பின்னுவதையும் கண்டார் என்று பாலைவனத் தந்தையரின் கூற்றுகள் தொடங்குகின்றன. வீட்டில் இது பத்துத் துணிகளை மடிப்பது, பின் எழுந்து நின்று ஒரு வசனம். ஒரு படி மொச்சை உரிப்பது, பின் ஒரு வசனம். எண்ணிக்கை முக்கியம். "கொஞ்ச நேரம் வேலை செய்வேன்" என்றால் சலிப்பு அதையும் தின்றுவிடும். எழுந்து நிற்பதும் முக்கியம், உட்கார்ந்தபடியே சொன்னால் வேலைக்கும் ஜெபத்துக்கும் நடுவே கோடு விழாது.

படிக்கல்:
நன்றி, இது எங்களுக்கு மிகவும் பயன்படும். அந்த "ஒரு வசனம்" எது? தினம் ஒன்றா, ஒரே ஒன்றா?

கயிறுதிரி:
ஒரே ஒன்று. காசியனின் பத்தாம் உரையாடலில் அப்பா ஈசாக்கு என்ற துறவி கொடுப்பது 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம்: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்." இதை எப்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்று அவர் அடுக்குவதைப் படித்தால் துறவிகள் எவ்வளவு நம்மைப் போன்றவர்கள் என்று தெரியும். பசி அடக்க முடியாதபோது. சாப்பாடு பிடிக்காதபோது. தூக்கம் வராதபோது. தலைவலி வாசிக்க விடாதபோது. காலை ஒன்பது மணிக்கே தூக்கம் சொக்கி முகம் திருநூலின் பக்கத்திலேயே போய் மோதும்போது. கோபம் வரும்போது. எல்லாம் நன்றாக நடக்கும்போதும்கூட, பெருமை வராமலிருக்க.

ஏன் ஒன்றே என்றால், களைத்த மனதுக்குத் தேர்ந்தெடுக்கிற வேலையே பாரம். இன்று எந்த வசனம் என்று யோசிக்கும் நேரத்தில் ஜெபிக்கும் வேளை போய்விடும். உதடு அசைய, காதில் விழும் அளவு சத்தத்தில் சொல்லுங்கள். மனதுக்குள் மட்டும் சொன்னால் மூன்றாம் தடவையில் எண்ணம் வேறு பக்கம் போய்விடுகிறது.

இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும், கிழக்குத் திருச்சபைகளின் இயேசு ஜெபமும் இதே குடும்பம்தான். மூச்சோடு இணைக்கும் முறைகளைக் கையேட்டில் போடாதீர்கள், வழிகாட்டி இல்லாமல் மூச்சை அடக்கிச் செய்தால் தலைசுற்றலும் படபடப்பும் வரும். எத்தனை தடவை சொன்னோம் என்று எண்ணும் முடிச்சுக் கயிறு மட்டும் போதும். 33 முடிச்சு, 50 முடிச்சு, 100 முடிச்சு என்று இருக்கும், வீட்டுக்கு 33.

தூயமல்லி:
ஸ்தோத்திரம். ஒரு சந்தேகம். பாதி ஜெபத்தில் நோயாளி கூப்பிடுவார். மலம் கழித்திருப்பார், தண்ணீர் கேட்பார். திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்றே தெரியாது. மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டுமா?

காவிரிக்கரை:
வேண்டாம் சகோதரி. விட்டது விட்டதாக இருக்கட்டும், அடுத்த வசனத்தில் தொடங்குங்கள்.

ஒழுங்குநூலின் 36-ஆம் அதிகாரம் நோயாளிகளைப் பற்றியது. எல்லாவற்றுக்கும் முன்பாக, எல்லாவற்றுக்கும் மேலாக நோயாளியைக் கவனிக்க வேண்டும், கிறிஸ்துவுக்கே செய்வதுபோல என்று தொடங்குகிறது. அவர்களுக்குத் தனி அறை, கடவுளுக்கு அஞ்சி அக்கறையோடு பார்க்கும் ஒரு பணியாளர், தேவைப்படும்போதெல்லாம் குளிப்பாட்டு, மிகவும் பலவீனமாய் இருந்தால் மற்றவர்களுக்கு மறுக்கப்பட்ட இறைச்சி. அதே அதிகாரத்தில் நோயாளிக்கும் ஒரு சொல் உண்டு: தேவையற்ற கோரிக்கைகளால் தன்னைக் கவனிக்கும் சகோதரரை வருத்தக் கூடாது. உடனே அடுத்த வரி, அப்படி வருத்தினாலும் பொறுமையாகத் தாங்க வேண்டும். இரண்டு பக்கமும் தெரிந்து எழுதியிருக்கிறார்.

50-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். தூரத்தில் வேலையில் இருப்பவர்கள் வேளைக்குக் கோவிலுக்கு வர முடியாவிட்டால், வேலை செய்யும் இடத்திலேயே முழங்காலிட்டுச் செபத்தை முடிக்கலாம். அதாவது கட்டிலருகும் கோவில்தான். 31-ஆம் அதிகாரத்தில் மடத்தின் பாத்திரங்களையும் பொருள்களையும் பலிபீடத்தின் திருப்பாத்திரங்களைப் போல நினைக்கச் சொல்கிறார். பெட்பேனைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும்போது அந்த வரியை நினைத்துக்கொள்ளலாம். இதை மிகைப்படுத்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம், அவர் சொன்னது "எல்லாப் பாத்திரங்களும்" என்றுதான்.

தாமதமாக வருகிறவருக்கும் இடம் வைத்திருக்கிறார். விடியற்காலைச் செபத்தின் முதல் பாடலை வேண்டுமென்றே மெதுவாக இழுத்துச் சொல்லச் சொல்கிறார், பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்ள.

வைகறை:
இந்த இழையில் இதுவரை வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். சலிப்பு வேறு, மனச்சோர்வு நோய் வேறு, கார்மேல் துறவு சபையின் மரபில் "இருண்ட இரவு" என்று சொல்லும், கடவுளே செபத்தை வறண்டுபோக விடும் நிலை வேறு. மூன்றையும் குழப்பினால் ஆபத்து.

அந்தப் பெயரைத் தந்த கார்மேல் துறவி சிலுவை யோவான் 1577 டிசம்பர் முதல் 1578 ஆகஸ்ட் வரை டொலேடோவில் சொந்தச் சபையினராலேயே ஓர் இருட்டறையில் அடைக்கப்பட்டிருந்தவர். துன்பத்தைப் பற்றிப் படித்துவிட்டு எழுதியவர் அல்ல. செபம் வறண்டுபோவது கடவுளின் செயலா அல்லது வேறு காரணமா என்று பிரித்தறிய மூன்று அடையாளங்கள் தருகிறார். முதலாவது, இறை காரியங்களில் சுவை இல்லை, அதேசமயம் வேறு எதிலும்கூடச் சுவை இல்லை. செபத்தில் ஒட்டாத மனம் செல்போனில் மட்டும் நன்றாக ஒட்டுகிறது என்றால் அது இருண்ட இரவு இல்லை. இரண்டாவது, கடவுளுக்குச் சரியாகச் செய்யவில்லையே, பின்வாங்குகிறோமே என்ற வலிமிக்க கவலை இருக்கும். அக்கறையே இல்லாவிட்டால் அது வெறும் தளர்ச்சி. மூன்றாவது, முன்புபோலக் கற்பனை செய்து, யோசித்துத் தியானிக்க முயன்றாலும் முடியாது. மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் உடல் சார்ந்த சோர்வாகவும் இருக்கலாம் என்று அவரே எழுதுகிறார். நானூறு ஆண்டுக்கு முன்பே அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்.

ஆகவே கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் அது மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. அந்த எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரம் பார்க்க வேண்டாம், அன்றே. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். "இன்னும் அதிகமாகச் செபியுங்கள்" என்று அவரிடம் சொல்வது, கால் உடைந்தவரை நடக்கச் சொல்வது போல.

தூயமல்லி:
வைகறை அக்கா, நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் எங்கள் சபையில் "ஏன் இப்படிச் செய்தீர் ஆண்டவரே" என்று கேட்பதே விசுவாசக் குறைவு என்பார்கள். ஜெயம் என்று அறிக்கை செய்ய வேண்டும், வாயில் தோல்வி வரக் கூடாது என்பார்கள். மடங்களில் எப்படி?

வைகறை:
மடங்களில் முறையிடுவதற்கு நேரமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்றைய உரோமைத் திருச்சபையின் ஒழுங்கில் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் சொல்வது 88-ஆம் திருப்பாடல். மற்ற முறையீட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் ஏதோ ஒரு புகழ்ச்சியில் போய் முடியும். இது முடியாது. "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர்" என்று இருட்டிலேயே நின்றுவிடும். அதைச் சொல்லிவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை படுக்கப்போகிறார்கள், உலகம் முழுக்க. அதற்குச் சமாதானம் சொல்ல ஒரு நல்ல வரியைக் கடைசியில் ஒட்டவைக்கத் தோன்றும், தயவுசெய்து ஒட்டவைக்க வேண்டாம். துயரத்தில் இருப்பவருக்கு முழுமையாக முடியாத செபமும் செபம்தான் என்று அந்தப் பாடலே சொல்கிறது: இருட்டிலும் "உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்றுதானே பேசுகிறது, முதுகைத் திருப்பவில்லையே.

கயிறுதிரி:
இதோடு எவாகிரியுஸின் ஒரு பயிற்சி. சலிப்பு தாங்க முடியாமல் அழுகை வரும்போது ஆத்துமாவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறார். ஒரு பாதி ஆறுதல் சொல்லட்டும், மறு பாதி கேட்கட்டும். சொல்ல வேண்டிய வார்த்தை 42-ஆம் சங்கீதத்தில் தயாராக இருக்கிறது: "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்? தேவனை நோக்கிக் காத்திரு." இதே வரி 42-இல் இரண்டு தடவையும் 43-இன் முடிவில் ஒரு தடவையும் வருகிறது. முதல் தடவை சொல்லி அடங்கவில்லை என்பதால்தானே மறுபடி சொல்கிறார்? அடங்காவிட்டால் மறுபடி சொல்லலாம், தோற்றுவிட்டோம் என்று பொருள் இல்லை.

படிக்கல்:
இதுவரை எல்லாம் பார்த்துக்கொள்கிறவருக்கு. படுத்திருப்பவருக்கு? "என்னால் முட்டிபோட முடியவில்லை, நோன்பு இருக்க முடியவில்லை, செபமாலை பாதியில் தூங்கிவிடுகிறேன்" என்று குற்ற உணர்ச்சியில் இருப்பவர்கள் நிறையப் பேர்.

வைகறை:
பாலைவனத் தாய்மாரில் ஒருவரான சிங்கிளெத்திகா இதற்கு நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறார். நோன்பும் தரையில் படுப்பதும் உடலின் இச்சையை அடக்கத்தான், நோயே அந்த வேலையைச் செய்துவிட்டால் நோன்புக்குத் தேவையில்லை, ஆகவே நின்று பாட முடியவில்லையே என்று வருந்தாதீர்கள் என்பது அவர் கருத்து. துன்பத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வலிநிவாரணி வேண்டாம், ஒப்புக்கொடுக்கிறேன் என்று மாத்திரையைத் தள்ளுபவர்கள் இருக்கிறார்கள். இந்த மரபில் அதற்கு ஆதாரம் இல்லை. மாத்திரையை மணிக்குப் போட்டுக்கொண்டு, வலி குறைந்த அந்த அரைமணியில் செபிப்பது நல்லது.

பிரான்சின் லிசியே மடத்துக் குழந்தை தெரசாள் 24 வயதில், 1897 செப்டம்பர் 30 அன்று காசநோயில் இறந்தார். கடைசிப் பதினெட்டு மாதம் விண்ணகமே இல்லை என்று தோன்றும் இருளில் இருந்தார். அவர் தமது குறிப்பேடுகளில் மறைக்காமல் எழுதியவை: செபமாலை சொல்வது அவருக்குப் பெரும் சிரமம், மனதை நிறுத்த முடியவில்லை. தியான நேரத்தில் தூங்கிவிடுவார். தூங்கும் குழந்தையும் பெற்றோருக்குப் பிரியமானதுதானே என்று அதை எடுத்துக்கொண்டார். மிக வறண்ட வேளையில் "விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே" செபத்தை மிக மெதுவாகச் சொல்வார். நோயாளிக்கு அதையே கொடுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு சொற்றொடர். பாதியில் தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டாம்.

காவிரிக்கரை:
நம்பிக்கை பற்றி யாரும் தனியாக எழுதவில்லை, அது சரிதான், தனியாக எழுதினால் வெறும் சொல்லாகப் போய்விடும். ஒழுங்குநூலின் நான்காம் அதிகாரம் நற்செயல்களின் கருவிகள் என்று எழுபதுக்கும் மேற்பட்டவற்றை அடுக்குகிறது, தச்சன் பெட்டியில் உளியும் இழைப்புளியும் இருப்பதுபோல. அதில் நடுவில் ஒரு கருவி, சாவை நாள்தோறும் கண்முன் வைத்திரு என்பது. ஆகக் கடைசிக் கருவி, கடவுளின் இரக்கத்தைக் குறித்து ஒருபோதும் நம்பிக்கை இழக்காதே என்பது. நோயாளி வீட்டில் முதலாவதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவதைக் கருவி என்று அவர் சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. உணர்ச்சி தானாக வர வேண்டும். கருவியைக் கையில் எடுக்கலாம், இன்று மனம் இல்லாவிட்டாலும்.

அல்ஜீரியாவில் திபிரின் என்ற மலையூரில் இதே ஒழுங்குநூலின்படி வாழ்ந்த டிராப்பிஸ்ட் சபைத் துறவிகளை நினைத்துக்கொள்கிறேன். 1993 கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஆயுதக் குழு வாசலுக்கு வந்து போனது. அதன் பிறகு துறவிகள் கூடிப் பேசி, அங்கேயே இருப்பதாக முடிவெடுத்தார்கள். 1996 மார்ச்சில் ஏழு பேரைக் கடத்திக்கொண்டு போனார்கள், அவர்கள் உயிரோடு திரும்பவில்லை. இடையில் இருந்த அந்த இரண்டேகால் ஆண்டும் என்ன செய்தார்கள்? வேளைக்கு மணி அடித்தார்கள், திருப்பாடல் பாடினார்கள், தோட்டத்தில் வேலை செய்தார்கள். எண்பது வயதைத் தொட்டிருந்த லூக் சகோதரர் ஆஸ்துமாவோடு ஊர் முஸ்லிம் மக்களுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லபடி முடியும் என்று அவர்களுக்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை.

படிக்கல்:
மனம் நிறைந்த நன்றி. கடைசியாக ஒன்று. வீட்டில் இரண்டு பேர் இருந்து, படுத்திருப்பவருக்குப் பேச்சு குழறினால், அந்த மூன்று இரவுப் பாடல்களை எப்படிச் சேர்ந்து சொல்வது?

காவிரிக்கரை:
மடத்தில் இரண்டு வரிசையாக நின்று வசனத்துக்கு வசனம் மாற்றிச் சொல்வார்கள். வீட்டில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். முழு வசனத்தையும் நீங்கள் சொல்லுங்கள், நடுவில் அந்த ஒரு மூச்சு இடைவெளியை மட்டும் அவருடைய மூச்சின் வேகத்துக்கு விடுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து இரண்டாம் பாதியைத் தொடங்குங்கள். அவரால் முடிந்தால் 4-ஆம் பாடலின் கடைசி வசனத்தை, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்" என்பதை, அவர் சொல்லட்டும். குழறினாலும் திருத்த வேண்டாம். ஒரு சொல்தான் வருகிறது என்றால் அந்த ஒரு சொல். அதுவும் இல்லாத நாளில் அந்த இடத்தில் நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்காக அதே வேகத்தில் சொல்லிவிட்டு 91-க்குப் போங்கள்.